கந்தையாவின் வீட்டுக்காரி

அழாதீங்க தங்கச்சி. மொதல்ல கண்ணத் தொடைங்க, பஸ்ஸே நம்மளப் பாக்குது. செத்துப்போனவுக என் வீட்டுக்காரர் இல்ல. என் வீட்டுக்காரர் திருநெல்வேலியில நல்லா இருக்காரு. காலையில எனக்குத் தயிர்சாதம் கட்டிக் குடுத்து அனுப்பினதே அவருதான்.

ஆமா, இசக்கி நாந்தான். இல்லன்னு சொல்லல. "காருகுளத்துக்கு ஒண்ணு குடுங்க"ன்னு கண்டக்டர்கிட்ட கேட்டேன், அந்த ஒத்த வரியில பிடிச்சிட்டீங்களே! மூஞ்சியப் பாத்து என்னய ஒருத்தருக்கும் தெரியாது. சத்தத்த வச்சுத் தெரியாதவங்க நம்ம பக்கத்துல கெடையாது. அதுதான் இன்னைக்கு எனக்கு வந்திருக்க வில்லங்கமே.

மெல்லப் பேசுதேன், கிட்ட வாங்க. அந்த மாலைய மடியில வச்சுக்கிடுங்க, நசுங்கிரும். அவுகளுக்கா வாங்கினீங்க? ரோசாப்பூ. அவுகளுக்கு ரோசாப்பூ வாடை ஆகாது, தும்முவாக. சரி விடுங்க, இனி தும்மவா போறாக.

என் பேரு ஆவுடைநாயகி. ரேடியோ ஸ்டேஷன்ல வேலை பாத்தேன். அவுக பேரு நல்லபெருமாள். பள்ளிக்கூடத்து வாத்தியாரா இருந்து ரேடியோவுக்கு வந்தவுக. வெள்ளாமை செய்யுத சம்சாரிகளுக்குன்னு சாயந்தரம் "மாலைக்களம்"னு ஒரு நிகழ்ச்சி. உரம், பூச்சிமருந்து, கோழிச்சீக்கு, இதையெல்லாம் சும்மா வாசிச்சா எவன் கேப்பான்? அதனால ஒரு சம்சாரியும் அவன் பொண்டாட்டியும் வீட்டுக்குள்ள பேசிக்கிடுத மாதிரி வைப்போம்னு அப்பம் இருந்த டைரக்டர் சொன்னாரு. அவுக கந்தையா, நான் இசக்கி. கொஞ்ச நாள் ஓட்டிப் பாப்போம்னுதான் ஆரம்பிச்சது. கொஞ்ச நாள்! நான் போகும்போது கறுப்பு முடி, ரிடையர் ஆகி வெளிய வரும்போது தலை பூரா வெள்ளை. அது வரைக்கும் இசக்கிதான்.

முடிக்கும்போது ஒரு பேச்சு வரும்லா? அதேதான், உங்களுக்கும் ஞாபகம் இருக்கே! அவுக கேப்பாக, "ஏ இசக்கி, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" நான் சொல்லுவேன், "காட்டியாச்சு. கதவச் சாத்திட்டு வாங்க." உடனே நாயனம் வரும். அதோட முடிஞ்சிரும். உங்க ஊருலயுமா? பெரியவுகல்லாம் அதக் கேட்ட பொறவுதான் எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போவாங்களாமே. எல்லா ஊருலயும் இதச் சொல்லுதாங்க.

இந்தா, நீங்களே சொல்லுங்க. ரெண்டு பேரு ஒரு கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்து பேப்பரப் பாத்துப் படிக்குதோம். இதப் போயி நிசம்னு நம்பினா என்ன செய்ய? எங்களுக்கு லட்சுமின்னு ஒரு பசு இருந்தது, ரேடியோவுல. அது கன்னு போட்ட அன்னைக்கு ஸ்டேஷன் வாசல்ல சீம்பாலுக்கு வந்து நின்னாங்க. ஒரு மக இருந்தா, பூரணின்னு. அதுவும் ரேடியோவுலதான். எனக்குப் பிள்ளை இல்ல தங்கச்சி. இசக்கிக்கு இருந்தா. பொம்பளப் பிள்ளையப் படிக்க வைக்கணும், சின்ன வயசுல கட்டிக் குடுக்கக் கூடாதுன்னு அரசாங்கம் சொல்லச் சொன்னது. அதனால பூரணிய இழுத்து இழுத்துப் படிக்க வச்சு, நாங்க கல்யாணம் வச்ச அன்னைக்கு வாழைத்தாரும் பூசணிக்காயும் சுளவு சுளவா முறுக்குமா வந்து இறங்கிருச்சு. ஸ்டுடியோவுக்குள்ள நடக்க வழி இல்ல. அவுக அந்த வாழைத்தார் மேல கைய வச்சிக்கிட்டு, "நம்ம பிள்ள கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிருச்சு"ன்னாக. அப்பம் மைக் ஆஃப்ல இருந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சேன்.

அதுக்குப் பொறவு எனக்கு ஓய்வே கெடையாது. தடுப்பூசியா, கலெக்டர் ஆபீஸ்ல இருந்து போன். "இசக்கியம்மா சொன்னாத்தான் பொம்பளைங்க கேப்பாங்க." அறிவொளியா, இசக்கியம்மா. குளம் தூர் வாரணுமா, இசக்கியம்மா. கலை மன்றத்துக்குத் தலைவியாப் போட்டாங்க. வில்லுப்பாட்டுக்காரங்களுக்கும் கணியான் கூத்துக்காரங்களுக்கும் பென்ஷன் வாங்கிக் குடுக்க நான் ஏறாத படி இல்ல. மேடையில போயி உக்காந்தா ஏதோ டீச்சரம்மான்னு நினைச்சு ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. மைக்கப் பிடிச்சு "யய்யா, யம்மா"ன்னேன்னா போச்சு, பந்தலு கிழியும்.

பெருமைதான். இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு கத்திரிக்கா சொத்தைன்னு கடையில சத்தம் போட முடியுமா? "இசக்கியம்மாவா இப்படிப் பேசுதது?"ம்பான். ஒரு தடவை எங்க வீட்டுக்காரரோட ஹோட்டல்ல உக்காந்து தோசை சாப்பிடுதேன். சர்வர் பையன் என் சத்தத்தக் கேட்டுட்டு ஓடி வாரான். "அக்கா, கந்தையா அண்ணாச்சி வரலியா?" எங்க வீட்டுக்காரரு எனக்கு நேர் எதிர்ல இருக்காரு. நான் என்ன சொல்ல? "வயக்காட்டுல வேலை இருக்கு"ன்னு சொல்லிட்டேன். வாய்க்குப் பழகிப்போன பேச்சுதான். எங்க வீட்டுக்காரரு பாதித் தோசையில கை கழுவிட்டு வெளிய போயி நின்னாரு. இதுக்கெல்லாம் கோவப்பட்டா எப்படி? நான் பொதுக்காரியத்துல இருக்கவ.

சரி, கேளுங்க. அவுகளுக்கும் எனக்கும் ஆகாது. நிசமாத்தான் சொல்லுதேன், ஆகவே ஆகாது. மைக்குக்கு முன்னால பேசினதோட சரி. வெளிய ஒரு வார்த்தை கெடையாது, எத்தனையோ வருசமா.

ஏன்னா அவுக எனக்குச் செஞ்ச துரோகம் அப்படி. எங்க வீட்டுக்காரரு சிவசைலநாதன் மெட்ராஸ்ல வேலை. நான் இங்க. மாசத்துக்கு ஒரு தடவை ரயில்ல வருவாரு, ஞாயித்துக்கிழமை சாயந்தரம் போயிருவாரு. எனக்கு மெட்ராஸுக்கு டிரான்ஸ்பர், ப்ரமோஷனோட வந்தது. அவரு வீடு பாத்து, பால் காய்ச்ச நாளும் பாத்தாச்சு. எங்க ஸ்டேஷன்ல, இசக்கி மகளுக்குப் பேறுகாலம் பாக்கப் போறா, திரும்பி வர நாளாகும்னு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிட்டாங்க. கடைசி நாள் ரெக்கார்டிங் இல்ல, நேரடி ஒலிபரப்பு. நான் "போயிட்டு வாரேன், லட்சுமிய ஒழுங்காப் பாத்துக்கிடுங்க"ன்னு படிக்கேன். அவுக பேப்பருல, "நீ கவலப்படாமப் போ"ன்னு இருக்கு. எனக்குத் தெரியும், நான் பாக்கேன், அதுதான் இருக்கு. இந்த மனுசன் பேப்பரக் கவுத்தி வச்சிட்டாக. கவுத்தி வச்சிட்டு, "நீ போயிட்டா நான் யாருகூடப் பேசுவேன், இசக்கி?"ன்னாக.

ஸ்கிரிப்ட்ல இல்லாத வரி. நேரடி ஒலிபரப்புல!

மறுநாளு காலையில ரெண்டு லாரி நிறைய ஜனம். ஸ்டேஷன் வாசல்ல உக்காந்துட்டாங்க. "புருஷன் பொண்டாட்டியப் பிரிக்காதீங்க"ன்னு கோஷம். டைரக்டரு பயந்து மேல பேசினாரு, டிரான்ஸ்பர் ரத்து. நான் போயி எங்க வீட்டுக்காரருக்கு டிரங்க் கால் போட்டு அழுதேன். அவரு, "சரி, விடு. புருஷன் பொண்டாட்டியப் பிரிக்கக் கூடாதுல்லா"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. அவரு என்னைக்குமே பேச்சுக் கம்மி.

அன்னைக்கு நினைச்சேன், இந்த நல்லபெருமாள்கூட இனி மைக் இல்லாம ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு. பேசவும் இல்ல. செவப்பு லைட்டு எரிஞ்சா புருஷன் பொண்டாட்டி. லைட்டு அணைஞ்சா பேப்பர அடுக்கிட்டு அவுக ஒரு வாசல், நான் ஒரு வாசல். ஸ்டேஷன்ல எல்லாருக்கும் தெரியும். மழைக்காலத்துல அவுகளுக்கு இருமல் வரும். நான் மைக்லதான் சொல்லுவேன், "ராத்திரியெல்லாம் இருமுதீகளே, மிளகு ரசம் வச்சிருக்கேன், குடிச்சிட்டு வயலுக்குப் போங்க"ன்னு. லைட்டு அணைஞ்ச பொறவு ஒரு ஃப்ளாஸ்க்க மேசையில வச்சிட்டுப் போவேன். அதுல ரசம் இருக்கும். ஆமா, வீட்டுல வச்சுக் கொண்டு வாரதுதான். அது ப்ரோகிராமுக்காக. இருமினா ரெக்கார்டிங் கெட்டுப்போகும்லா. வேற என்ன?

சிரிக்காதீங்க.

அவுக சம்சாரம் உலகம்மாளுன்னு பேரு. நல்ல பொம்பள. வாயில்லாப் பூச்சி. ஒரு தடவை வள்ளியூர்ப் பக்கம் விவசாயக் கண்காட்சி. எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டிருந்தாங்க. அவுக உலகம்மாளையும் கூட்டிட்டு வந்திருந்தாக. மேடையில பேசி இறங்கினோம், ஜனம் சூழ்ந்துக்கிட்டு. ஒரு கெழவி உலகம்மாளக் காட்டி, "இது யாரு?"ன்னு கேட்டா. எல்லாரும் பாக்காங்க. அவுக ஒரு நிமிசம் முழிச்சிட்டு, "இது எங்க தங்கச்சி"ன்னாக. பொண்டாட்டியத் தங்கச்சின்னா! எனக்குச் சிரிச்சு வயிறு வலிச்சுப்போச்சு. உலகம்மாளும் சிரிச்சா. நல்லாச் சிரிச்சா. அதுக்குப் பொறவு அவ எந்த விழாவுக்கும் வரல. வீட்டுல வேலை இருந்திருக்கும்.

தண்ணி குடிங்க. எனக்கும் ஒரு வாய் தாங்க. இன்னும் எத்தனை ஸ்டாப்பு? நாங்குநேரி தாண்டியாச்சுல்லா, அப்பம் இன்னும் கொஞ்ச நேரம் பேசலாம்.

ரெண்டு பேரும் ரிடையர் ஆயாச்சு. அவுக சொந்த ஊரு காருகுளத்துக்கே வந்துட்டாக. எங்க வீட்டுக்காரரும் மெட்ராஸ்ல இருந்து வந்துட்டாரு. இப்பம் நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கோம். காப்பி வேணுமா, வேண்டாம். கரண்ட் பில் கட்டியாச்சா, கட்டியாச்சு. அவ்வளவுதான். ஒரு நாளு அவரு சொல்லுதாரு, "ரேடியோவுல பேசின மாதிரி எங்கிட்ட நீ ஒரு நாளும் பேசினதில்ல." நான் சொன்னேன், "அதுக்கு ஆளு உக்காந்து எழுதிக் குடுத்தான். நீங்க எழுதிக் குடுங்க, நானும் பேசுதேன்." சரியாத்தான சொன்னேன்?

போன மாசம் ஒரு போன் வந்தது. எடுத்தா உலகம்மா. "அக்கா, அவுக படுக்கையில இருக்காக. ஒரு வார்த்தை பேசணுமாம்"னு சொல்லிட்டு அவுக காதுல வச்சிட்டா போல. கொஞ்ச நேரம் மூச்சு வாங்குத சத்தம். பொறவு கேக்காக, "ஏ இசக்கி... மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?"

நான் பேசல. போன வச்சிட்டேன். அடுப்புல பால் கிடந்தது. அதுவும் போக, மைக் இல்லாமப் பேசக் கூடாதுன்னு வச்சிருக்கேன்லா? அவுகளுக்கும் அது தெரியும். தெரிஞ்சிக்கிட்டே கேட்டா நான் என்ன செய்ய? பாலு பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சு போச்சு. நான் அங்கனயே நின்னுக்கிட்டு இருந்திருக்கேன். எங்க வீட்டுக்காரருதான் வந்து அடுப்ப அணைச்சாரு.

இன்னைக்கு விடியக் காலம் ரேடியோவுல சொல்லிட்டாங்க, மாலைக்களம் கந்தையா காலமானார்னு. அப்பம் புடிச்சு வாசல்ல ஆளு. இசக்கி வீடு எதுன்னு கேட்டு வந்த பொம்பளைங்கல்லாம் உள்ள வந்து என் கையப் பிடிச்சு அழுதாங்க. ஒருத்தி என் நெத்தியப் பாக்கா. பாத்துட்டு, "யக்கா, இன்னும் பொட்டு வச்சிருக்கியளே"ங்கா. எங்க வீட்டுக்காரரு பேப்பரும் கையுமா அந்த நாற்காலியிலதான் இருக்காரு! அந்த மனுசன அவ அண்டை வீட்டுக்காரருன்னு நினைச்சிருப்பா. பொறவு ஸ்டேஷன்ல இருந்து போன், கலை மன்றத்துல இருந்து போன். இசக்கியம்மா அங்க நாலு வார்த்தை பேசணும், வேனுல மைக் கட்டி அனுப்புதோம்னு. போகாம இருக்க முடியுமா? தலைவியா இருக்கவ போகணும்லா. நான் போறது அதுக்குத்தான். வேற எதுக்கும் இல்ல.

அந்த நேரத்துல உலகம்மா கூப்பிட்டா. ஒரு நாளும் அவ அவ்வளவு பேசி நான் கேட்டதில்ல. "அக்கா, நீங்க வரணும். வராம இருந்துராதீங்க. ஆனா ஒண்ணு. வந்து வாயத் திறக்கக் கூடாது. மைக்லயும் பேச வேண்டாம், அழவும் வேண்டாம். உங்க சத்தத்தக் கேட்டா ஊரு உங்களக் கொண்டு போயி நடுவுல உக்கார வச்சிரும். எல்லாரும் உங்களத்தான் கட்டிப்பிடிச்சு அழுவாங்க. இந்த ஒரு நாளைக்காவது நான் நடுவுல உக்காந்துக்கிடுதேன் அக்கா"ன்னா.

எனக்கு வந்த ஆத்திரம்! எங்கிட்ட, இத்தனை வருசம் ஜனங்களுக்காக உழைச்சவகிட்ட, வாயத் திறக்காதன்னு சொல்லுதா. துட்டி வீட்டுக்குப் போயி வாசல்லயே சத்தம் குடுக்காம ஒரு பொம்பள நுழைய முடியுமா? ஊமைகூட மாருல அடிச்சிட்டுத்தான போவா? "ஏன் உலகம்மா, நான் என்ன அவுகளக் கொள்ளையா கொண்டுட்டுப் போனேன்?"னு கேட்டேன். அவ போன வைக்கல. நான்தான் கடைசியில, "சரி"ன்னேன். ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, தொண்டை கட்டியிருக்கு, மைக் வேண்டாம்னு சொல்லிட்டேன்.

கிளம்பும்போது எங்க வீட்டுக்காரரு சட்டையப் போட்டுக்கிட்டு நிக்காரு. "நானும் வரட்டா?"ன்னாரு. "நீங்க எதுக்கு?"ன்னேன். அவரு சட்டைப் பித்தானக் கழத்திக்கிட்டே, "ஆமா, வந்தா என்னய யாருன்னு சொல்லுவ?"ன்னு கேட்டாரு. என்ன கேள்வி இது, சொல்லுங்க? புருஷன்னு சொல்லுவேன். சொல்லியிருப்பேன். அந்த நேரத்துல வாய்க்கு வரல, பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு. தயிர்சாதத்தக் கையில குடுத்துட்டு உள்ள போயிட்டாரு.

நீங்க ஏன் இப்பம் அழுதீங்க? அழ வேண்டியதே இல்ல. எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு ஒண்ணும் இல்லன்னுதான சொல்லிக்கிட்டு வாரேன்.

இந்தா, கொளம் தெரியுது. காருகுளந்தான இது? ரெண்டு பக்கமும் ஆளு எப்படி நடந்து போகுது பாருங்க. எல்லாம் நம்ம ரேடியோ கேக்குத ஜனம். தங்கச்சி, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். உங்க கூட வந்தவளா என்னயக் கூட்டிட்டுப் போங்க. யாரும் கேட்டா உங்க அத்தை, வாய் பேச வராதுன்னு சொல்லிருங்க. கைய விட்டுராதீங்க. உலகம்மாளப் பாத்தா எனக்குச் சத்தம் வந்தாலும் வந்துரும். வந்தா கைய நல்லா இறுக்கிருங்க.

இன்னொண்ணு. மாலை போடுததுக்கு உங்கள அவுககிட்ட விடுவாங்க. போட்டுட்டு உடனே வந்துராதீங்க. குனிஞ்சு அவுக காதுகிட்ட, "காட்டியாச்சு, கதவச் சாத்திட்டு வாங்க"ன்னு சொல்லிருங்க. மெதுவா. உங்க சத்தம் அங்க யாருக்கும் தெரியாது. உலகம்மாளுக்கும் கேக்க வேண்டாம்.

எங்க, ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க.

ம்ஹூம். அவ்வளவு வேகம் ஆகாது. "காட்டியாச்சு"க்குப் பொறவு கொஞ்சம் நிப்பாட்டணும். அவுக அந்த இடத்துல மூச்சு விடுவாக. எப்பமும் விடுவாக. அந்த மூச்சு முடிஞ்ச பொறவுதான் மத்தது.

இப்பம் சரி. எந்திரிங்க, எறங்குவோம். இனி நான் பேச மாட்டேன்.